மலைக்கு அந்தப் பக்கம் ஒரு காப்பி

மதுரையில் ஏதோ அடிதடி. யார் யாரை அடித்தார்கள் என்பதில் ஆளுக்கொரு கதை. ஊர் எரிகிறது, அல்லது எரியப்போகிறது. அந்த நேரத்தில் ஒரு கூட்டம் மீனாட்சியம்மன் சிலையை முதுகில் கட்டிக்கொண்டு மேற்கே மலையேறிவிட்டது என்பது மலைவாசிகளான முதுவான்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. பாண்டிய வம்சத்தில் ஒரு கிளையும் மீனாட்சியைக் கூட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் இறங்கி, கோயில் கட்டிக் குடியேறியது என்பது பூஞ்ஞாற்று அரண்மனையின் கதை. அம்மன் எங்கேயும் போகவில்லை, மதுரையில்தான் இருக்கிறாள் என்பது மதுரைக்காரர்களின் கதை. மூன்றில் எது ஒரிஜினல் என்று கேட்டு வம்பை விலைக்கு வாங்கவேண்டாம்.

பேக்கப் எடுப்பவர்கள் இன்றைக்கு 3-2-1 என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். மூன்று நகல் வேண்டும், இரண்டு விதமான சேமிப்பில் வேண்டும், ஒன்றாவது வெளியூரில் இருக்கவேண்டும். பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் இதை எழுதிப் பிரபலமானார். பாவம், முதுவான்களைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மூன்று நகல் ஆயிற்று. கோயில் ஒன்று, முதுகு ஒன்று, சேமிப்பும் இரண்டாயிற்று. வெளியூர் விஷயத்தில் ஒரு மலைத்தொடரையே குறுக்கே போட்டுவிட்டார்கள்.

ஆகவே தமிழ்நாட்டை ஒட்டிய பாலக்காடு, இடுக்கி எல்லையின் சரித்திரத்தை எழுதப் பேராசிரியர்களை விட்டால் ஆகாது. சிஸ்டம் அட்மின் யாராவது உட்கார்ந்து எழுதவேண்டும். அப்படி ஒருவர் கிடைக்கும்வரை நான் எழுதுகிறேன்.

அட்மின் கண்ணால் பார்த்தால் இந்த எல்லையின் மிகப் பெரிய ஹோஸ்டிங் ஒப்பந்தம் 1886 அக்டோபர் 29 அன்று கையெழுத்தானது. இடம் கொடுத்தது திருவிதாங்கூர், எடுத்தது வெள்ளைக்காரனின் சென்னை ராஜதானி. பெரியாற்றில் 8,000 ஏக்கர். ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய் வீதம் 40,000 ரூபாய் வாடகை. கெடு 999 வருஷம், அதாவது 2885 வரை வேலிடிட்டி. அது போதாதென்று, பிரியப்பட்டால் இன்னொரு 999 வருஷம் நீட்டிக்கொள்ளலாம் என்று ஒரு ஷரத்து வேறு. கூகுளில் கைதவறி ஒரு கான்டாக்டை அழித்தால் நமக்குக் கிடைப்பது 30 நாள் தவணை. அதற்குள் குப்பைத்தொட்டியைக் கிளறி எடுக்காவிட்டால் போனது போனதுதான். முப்பது நாளுக்கே முகத்தைச் சுளிக்கும் கூகுள்காரர் யாராவது அந்தப் பத்திரத்தைப் படித்தால் வேலையை விட்டுவிட்டு வண்டிப்பெரியாறில் டீக்கடை போட்டுவிடுவார்.

எஞ்சினியர் பென்னிகுயிக் அங்கே அணையைக் கட்டி முடித்து, 1895இல் தண்ணீர் கிழக்கே திரும்பியது. அன்றிலிருந்து இன்றுவரை சர்வர் ஒரு மாநிலத்தில், அட்மின் பாஸ்வேர்டு இன்னொரு மாநிலத்தில். வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் பேச்சுவார்த்தை உச்சநீதிமன்றம் வழியாகத்தான்.

இதே ஏற்பாட்டைப் பாலக்காட்டிலும் செய்துபார்த்தார்கள். பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் மூன்று அணைகளும் கேரளத்தில். ஷட்டரை ஏற்றி இறக்குவது தமிழ்நாடு. பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் பாலக்காட்டிலிருந்து காரில் போகவேண்டுமென்றால் கலெக்டரே ஆனாலும் தமிழ்நாட்டுக்குள் வந்து, சேத்துமடை, டாப்ஸ்லிப் சுற்றி, மறுபடி கேரளத்துக்குள் நுழையவேண்டும். தன் வீட்டு அடுப்படிக்குப் பக்கத்து வீட்டுத் திண்ணை வழியாகப் போகும் மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா? பாலக்காடு மாவட்ட நிர்வாகம் அப்படித்தான் போய்வருகிறது.

பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் கையெழுத்தானது 1970 மே 29. தமிழ்நாட்டில் கருணாநிதி, கேரளத்தில் அச்சுத மேனன். ஆனால் ஒப்பந்தம் அமலுக்கு வந்த தேதி 1958 நவம்பர் 9. அவசரப்பட்டு அச்சுப்பிழை என்று சொல்லிவிடாதீர்கள். அணை வேலை முன்னால் ஓடிவிட்டது, காகிதம் பதினொன்றரை வருஷம் பின்னால் நடந்துவந்தது. சிஸ்டம் கடிகாரத்தைத் திருப்பிவைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். பாலக்காட்டுச் சித்தூர் விவசாயிக்கு மணக்கடவில் வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வந்தாகவேண்டும் என்பது அதில் உள்ள டேட்டா பேக். வேகம் குறைகிறது என்ற புகாரும், எங்கள் பக்கம் சரியாகத்தான் இருக்கிறது என்ற பதிலும் நமக்குப் பழக்கப்பட்ட கஸ்டமர் கேர் உரையாடல்தான். முப்பது வருஷத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தை மறுபரிசீலனை செய்யவேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். 1988இல் வந்திருக்கவேண்டிய அப்டேட்டைப் பற்றிப் பேச 2019 செப்டம்பரில் இரு முதல்வர்களும் திருவனந்தபுரத்தில் சந்தித்து, குழு போட்டார்கள். 'பிறகு நினைவூட்டு' பொத்தானை அரசாங்கங்கள் நம்மைவிட நன்றாக அழுத்துகின்றன.

எல்லாம் திரும்பக் கிடைத்துவிட்டது என்றும் சொல்லமுடியாது. மூணாறில் ஒரு ரயில் ஓடியது. குண்டளை பள்ளத்தாக்கு ரயில்வே. 1902இல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுக்க ஆரம்பித்து, 1908இல் இரண்டடி அகலத் தண்டவாளமும் நீராவி எஞ்சினுமாக வளர்ந்தது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன்வரை தேயிலைப் பெட்டிகள் ரயிலில் போகும், அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு குரங்கணிப் பக்கம் இறங்கும், பிறகு போடி. 1924 ஜூலையில் மலையாள ஆண்டு 1099இன் பெருவெள்ளம் வந்தது. கேரளத்தில் இன்றும் அதைத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்றே சொல்கிறார்கள். தண்டவாளம், பாலம், ஸ்டேஷன் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. ரயிலுக்கு பேக்கப் கிடையாது. மறுபடி போடவும் இல்லை. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஸ்டேஷனைத் தேடி வரும் டூரிஸ்ட்டுக்கு அங்கே வேகவைத்த சோளமும் மேகமும் கிடைக்கும். கோப்பு போய்விட்டது, ஷார்ட்கட் ஐகான் மட்டும் டெஸ்க்டாப்பில் இருக்கிறது.

அடுத்தது 1956 நவம்பர் 1, மொழிவாரி மாநிலங்கள் என்ற மாபெரும் டேட்டா மைக்ரேஷன். அதுவரை பாலக்காடு சென்னை ராஜ்யத்தில், மலபார் மாவட்டத்துக்குள். அதற்குள்ளேயே சித்தூர் மட்டும் பழைய கொச்சி ராஜாவின் ஃபோல்டர். அதுவும் தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூர்–கொச்சியில். ஃபசல் அலி கமிஷன் எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கியது. மலபாரை அங்கிருந்து வெட்டி இங்கே ஒட்டினார்கள். கன்னியாகுமரியையும் செங்கோட்டையையும் இங்கிருந்து வெட்டி அங்கே ஒட்டினார்கள். தேவிகுளம், பீருமேடு தமிழ்நாட்டுக்கு வேண்டும் என்று நேசமணி கட்சியினர் கேட்ட ஃபைல் மட்டும் காப்பி ஆகவில்லை. (இந்த இடத்தில் காமராஜர் பெயரில் உலவும் குளம்–மேடு வசனத்தை எதிர்பார்ப்பவர்கள் அதைத் தாங்களே சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அதில் ருசு இல்லை.)

இடுக்கி என்ற மாவட்டம் அப்போது கிடையாது. 1972 ஜனவரி 26 அன்றுதான் கோட்டயத்திலிருந்து மூன்று தாலுகாக்களையும் எர்ணாகுளத்திலிருந்து தொடுபுழாவையும் எடுத்துப் புது ஃபோல்டர் போட்டார்கள். போட்டுவிட்டு மாவட்டத் தலைமையகத்தைக் கோட்டயத்திலேயே வைத்துக்கொண்டார்கள். 1976இல்தான் அது பைனாவுக்கு வந்தது. இடையில் நான்கு வருஷம், இடுக்கி கலெக்டரைப் பார்க்கவேண்டிய இடுக்கிவாசி இடுக்கியை விட்டு இறங்கினார்.

இவ்வளவு வெட்டல் ஒட்டலிலும் அழியாதது ஒன்று உண்டு. மூணாறு லயங்களிலும் மறையூர் ஊர்களிலும் கொழிஞ்சாம்பாறை சந்தையிலும் தமிழ் அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. 1969இல் கேரள ஆட்சிமொழிச் சட்டமே இறங்கிவந்து, தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வரும் என்று எழுதிவைத்தது. 2021இல் தேவிகுளம் எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் தமிழில் பதவிப்பிரமாணம் எடுத்தார். கையில் கொடுத்த வாசகத்தில் வேண்டிய ஒரு சொல் விடுபட்டிருந்தது. மறுபடி எடுக்கச் சொன்னார்கள், எடுத்தார். ரெஸ்டோர் முதல் தடவையே முழுசாக வந்ததாகச் சரித்திரம் கிடையாது.

சொன்ன பேச்சைக் கேட்காத காப்பிதான் கடைசியில் கைகொடுக்கிறது. இதைக் கூகுள்காரர்கள் 2011 பிப்ரவரி 27, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரிந்துகொண்டார்கள். அன்றைக்கு ஜிமெயிலைத் திறந்தவர்களில் ஒரு பகுதியினருக்குப் பெட்டி துடைத்துவைத்த மாதிரி இருந்தது. கடிதம் இல்லை, கான்டாக்ட் இல்லை. மொத்தப் பயனர்களில் 0.02 சதவீதம்தான் என்று கம்பெனி சொன்னது. அந்த 0.02இல் இருப்பவருக்கு அது நூறு சதவீதம். சேமிப்பு மென்பொருளில் போட்ட புது அப்டேட்டில் ஒரு பிழை. ஒவ்வொரு கடிதத்துக்கும் பல டேட்டா சென்டர்களில் பல நகல் வைத்திருந்தார்கள். அதில் என்ன பிரச்சினை என்றால் அத்தனை நகல்களும் நல்ல பிள்ளைகள். அழி என்று பிழை சொன்னதும் எல்லாம் ஒருமுகமாக அழிந்தன.

காப்பாற்றியது டேப். ஆமாம், காந்த நாடா. அது எதனோடும் இணைக்கப்படாமல் தனியாகக் கிடந்ததால் அந்த உத்தரவு அதன் காதில் விழவே இல்லை. டேப்பிலிருந்து எடுப்பது மெதுவான வேலை, அதனால்தான் தாமதம் என்று கூகுளின் பென் ட்ரெய்னர் விளக்கம் கொடுத்தார். 1886 பத்திரத்தைத் தேடி எடுக்கிற குமாஸ்தாவும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

அதற்கு முன்னால் 2009 அக்டோபரில் அமெரிக்காவில் சைட்கிக் என்ற செல்போன்காரர்கள் ஒப்பாரி வைத்தார்கள். போனில் இருக்கும் நம்பர்கள் எல்லாம் மைக்ரோசாஃப்டின் டேஞ்சர் என்ற துணைக் கம்பெனி சர்வரில் இருந்தன. கம்பெனிக்குப் பெயர் வைக்கும்போதே எச்சரித்திருக்கிறார்கள், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சர்வர் படுத்தது. 10ஆம் தேதி, அநேகமாக எல்லாம் போய்விட்டது என்றார்கள். 15ஆம் தேதி, பெரும்பாலும் கிடைத்துவிட்டது என்றார்கள். கிட்லாப் என்ற கம்பெனியில் 2017 ஜனவரி 31 அன்று ஒருவர் தவறான சர்வரில் இருந்ததை அழித்துவிட்டார். பேக்கப்புக்கு ஐந்து வழி வைத்திருந்தார்கள், ஒன்றும் வேலை செய்யவில்லை. யாரோ தற்செயலாக ஆறு மணிநேரம் முன்பு எடுத்துவைத்த நகல்தான் கைகொடுத்தது. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டிய அவர்களின் தைரியத்துக்கு ஒரு கும்பிடு.

இப்பேர்ப்பட்டவர்களுக்கே இந்தக் கதி. போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கடை எந்த மூலைக்கு?

விண்டோஸ் எக்ஸ்பி காலம். கடைக்குப் பெயர் வேண்டாம், அந்தத் தெருவில் எந்தக் கடைக்கும் பொருந்தும் கதை. முதலாளியின் அக்கா மகன், "கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோவா இருக்கு மாமா" என்று ஒரு மதியம் உட்கார்ந்து துப்புரவு செய்தான். சாயங்காலம் அவுட்லுக் எக்ஸ்பிரஸின் முகவரிப் புத்தகம் பளிங்கு மாதிரி இருந்தது. வண்டன்மேட்டுத் தோட்டக்காரர்கள், பாலக்காட்டு மொத்த வியாபாரி, டெல்லி காரி பாவ்லியில் மசாலா மண்டிக்காரர்கள், ஒருவரும் இல்லை. குமுளியிலிருந்து பைக்கில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் ஒரு பையன் வந்து இறங்கினான். முதலாளி தட்டில் இருந்த எட்டு மில்லிமீட்டர் ஏலக்காயைப் பொறுக்குவதுபோல் பாவனை செய்துகொண்டு கேட்டார்.

"எல்லாம் செர்வர்ல இருக்கும்ல தம்பி?"

"செர்வர்ல மெயிலுதான் மொதலாளி இருக்கும். அட்ரஸ் புக்கு இந்தப் பெட்டிக்குள்ளதான்."

பையன் சொன்னது சரி. அந்தக் காலத்து மெயில் ஏற்பாட்டில் கடிதம் சர்வரிலிருந்து இறங்கும். முகவரிப் புத்தகம் சர்வருக்கு ஏறவே ஏறாது. அது கடைக் கம்ப்யூட்டரின் ஆழத்தில், டபிள்யூ-ஏ-பி என்று முடியும் ஒரே ஒரு கோப்பு. ஆனால் மைக்ரோசாஃப்டில் ஒரு புண்ணியவான், பக்கத்திலேயே டபிள்யூ-ஏ என்று எழுதி ஒரு வளைந்த கோடு போட்ட பேக்கப் கோப்பையும் சத்தமில்லாமல் வைக்க ஏற்பாடு செய்திருந்தார். வளைந்த கோட்டை எடுத்துவிட்டு 'பி' போட்டால் பழைய புத்தகம் திரும்பிவிடும். இந்த ஒரு ரகசியத்தை வைத்துக்கொண்டு குமுளியிலும் கம்பத்திலும் எத்தனையோ பையன்கள் மந்திரவாதி பட்டம் வாங்கியிருக்கிறார்கள். இங்கே பெயரை மாற்றித் திறந்துபார்த்தால் அதுவும் காலி. மருமகன் பதற்றத்தில் புத்தகத்தைத் திறந்து திறந்து மூடியதில், காலிப் புத்தகத்துக்கே விசுவாசமாக பேக்கப் எடுத்துவைத்திருந்தது.

முதலாளி மருமகனைப் பார்த்தார். மருமகன் தராசைப் பார்த்தான்.

இரண்டாவது வழி கொஞ்சம் சுற்றுவழி, பரம்பிக்குளம் போவது மாதிரி. கடையின் மெயில் கோயம்புத்தூரில் ஒரு ஹோஸ்டிங் கம்பெனி சர்வரில் இருந்தது. கடிதம் இறங்கிய பிறகும் ஒரு பிரதி சர்வரிலேயே இருக்கட்டும் என்ற கட்டத்தில் யாரோ எப்போதோ டிக் போட்டிருந்தார்கள். பெட்டி நிறைந்துவிட்டது என்று திட்டித் திட்டி, மருமகன் அதையும் அன்றைக்கே காலி செய்திருந்தான். ஆனால் கம்பெனிக்காரர்கள் வாராவாரம் ஞாயிறு ராத்திரி சர்வர் மொத்தத்தையும் நகல் எடுத்து வேறு இடத்தில் வைப்பார்கள். மலையேறிப் போய் அதை அழிக்க மருமகனுக்குத் தெரியாது. போன் போட்டு, காலில் விழாத குறையாகக் கேட்டு, அந்த நகலிலிருந்து கடையின் மெயில் கோப்பை மட்டும் எடுக்கச் சொன்னான் பையன்.

வந்த கோப்பில் முகவரிப் புத்தகம் இல்லை. ஆனால் ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் யாரிடமிருந்து, யாருக்கு, யாருக்கெல்லாம் நகல் என்று மூன்று வரி உண்டு. பையன் ஒரு சின்ன நிரல் எழுதி அந்த வரிகளை மட்டும் சீவி எடுத்தான். திரும்பத் திரும்ப வந்ததைக் கழித்து, அகர வரிசையில் அடுக்கி, எக்செல்லில் கொட்டினான். செத்துப்போன புத்தகம் எழுந்து உட்கார்ந்தது. முதலாளி இரண்டு டீ சொன்னார்.

டீ வருவதற்குள் சிக்கல் வந்துவிட்டது. முகவரி இருக்கிறது, ஆள் யார் என்று தெரியவில்லை. வியாபாரிகள் அப்போது மெயில் முகவரி வைத்துக்கொண்ட லட்சணம் அப்படி. பாதிப்பேர் மகனின் முகவரியில் வியாபாரம் செய்தார்கள். மகன்கள் சூப்பர் ஸ்டார், தல, தளபதி என்று பெயர் வைத்து, பின்னால் பிறந்த வருஷத்தை ஒட்டியிருந்தார்கள். எந்த தளபதி எட்டு மில்லி எடுப்பவர், எந்த தளபதி பாக்கி வைத்திருப்பவர் என்பது கூகுளுக்கும் தெரியாது.

கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள். பிள்ளையார் சுழி போட்ட நீளப் பேரேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். கம்ப்யூட்டர் வந்த நாள்முதல் அதன்மேல் அவருக்கு ஒரு மரியாதை கலந்த பகை உண்டு. பையன் ஒவ்வொரு கடிதத்திலும் எடையும் தேதியும் வாசிக்க, அவர் பேரேட்டில் விரலை ஓட்டி ஆளைச் சொன்னார்.

"நாப்பத்திரெண்டு கிலோ, ஆவணி மாசம்?"

"வண்டன்மேட்டுக்காரு. மூத்த மருமகனோட சண்டை. எழுதிக்க."

ராத்திரி எட்டு மணிக்குள் அநேகமாக எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள். வரவேண்டாதவர்களும் வந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் முதலாளியே கோபத்தில் அழித்த ஒரு சம்பந்தி வந்தார். கோர்ட்டில் கேஸ் நடத்திக்கொண்டிருக்கும் பங்காளி வந்தார். ஒரே ஆள் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று ஆளாக வந்தார். பேக்கப்புக்கு யாரை நினைத்து அழுதோம், யாரை வேண்டுமென்றே தொலைத்தோம் என்ற பாகுபாடு தெரியாது.

கடைசியில் ஒரு முகவரி மட்டும் மிஞ்சியது. எந்த ஊர் என்று பிடிபடவில்லை. பதினோரு கடிதம் எழுதியிருக்கிறார், எல்லாம் இங்கிலீஷில். பையன் ஒன்றைத் திறந்துபார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கினான். நைஜீரியா இளவரசர்.

"இவரு யாருப்பா பார்ட்டி?" என்றார் முதலாளி.

கணக்குப்பிள்ளை பேரேட்டை முன்னும் பின்னும் புரட்டினார். "நம்ம ஏட்டுல இல்ல மொதலாளி. தம்பி, என்ன கேட்டு எழுதியிருக்காரு?"

"அட்வான்ஸ் பணம் அனுப்பச் சொல்றாரு சார்."

"சரக்கு என்னான்னு போட்டிருக்காரா?"

"இல்ல சார்."

கணக்குப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப நம்ம சம்பந்தி வகைதான். பக்கத்துலயே எழுதிக்க."